ஐந்தாவது வேற்றுக்கிரகவாசி

ஊட்டி ஒன்பதாம் மைல் புல்மேட்டில்தான்
அந்தக் கிரகம் இருந்தது.
வானத்தில் இரண்டு சூரியன் என்று வசனம்.
அன்றைக்கு ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை.
மூட்டம் இலவசமாகக் கிடைத்ததில்
டைரக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

முத்தோரையில் கேரட் கழுவிக்கொண்டிருந்தோம்.
ஏஜென்ட் தர்மராஜ் ஜீப்பில் ஏற்றிப்போனான்.
ஆளுக்கு எண்பது ரூபாய், பொட்டலச் சோறு.
கேட்டது ஐந்து ஆம்பளை.
ஒருத்தன் உருளைக்கிழங்கு லோடோடு
மேட்டுப்பாளையம் போய்விட்டதால்
நான்.

ரப்பர் முகமூடியில் மூக்குக்கு ஓட்டை இல்லை.
கைக்குப் பச்சைப் பெயின்ட்.
உள்ளே யாராயிருந்தால் என்ன என்றார் அசிஸ்டென்ட்,
கடைசியில் நிற்கப் போகிற ஆள்தானே.

நாரைக் கப்பலின் கேப்டன் சுட வேண்டும்,
நான் விழ வேண்டும்.
துப்பாக்கி பிளாஸ்டிக்.
லைட்டைப் பிடித்திருந்தவர் வாயால் 'டிஷ்' என்பார்,
அதுதான் குறிப்பு.
பதினோரு முறை விழுந்தேன்.
பன்னிரண்டாவதில் இடது முழங்கால் பாறையில் மோத
ஐயோ என்று முகமூடிக்குள் கத்தினேன்.
அதை ஓகே பண்ணினார்கள்.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும்
ஒரு வாரம் நகக்கண்ணில் பச்சை.

ஒன்பதாம் வாரம், ஞாயிறு.
இத்தலாரில் ஒரே டிவி, பத்மா டீச்சர் வீடு.
கூட்டமாய் உட்கார்ந்திருந்தோம்.
கேப்டன் துப்பாக்கியை உயர்த்தினார்,
கரண்ட் போய்விட்டது.
என் சாவை நான் பார்த்ததில்லை.

பதின்மூன்றாம் வாரத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள்.
கப்பல் கதவு பாதி திறந்தபடி நின்றது.
அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில்
மாட்டுக்கு மடிநோய் வந்தால் என்ன செய்வது என்று
ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் பஸ் ஸ்டாண்ட் கடையில்
கிளிப் போட்டுத் தொங்கின நாவல்கள்.
'நாரையின் புதிய பயணம்', மாதம் ஒன்று, எட்டு ரூபாய்.
எழுதுகிறவர் கோ. அறவாழி, ஆரப்பாளையம், மதுரை.
முதல் மூன்றில் நான் இல்லை.
நாலாவதில், முப்பத்தேழாம் பக்கத்தில்,
கப்பல் கிளம்பிப்போன புல்வெளியில்
ஐந்தாவது ஆள் எழுந்து உட்கார்ந்தான்.

உட்கார்ந்தான் என்றுதான் போட்டிருந்தது.
வோர் என்று பெயர்.
தோளில் காயம்.
கடலோரம் வீடு, மனைவி, மூன்று பிள்ளைகள்,
கடைக்குட்டிக்கு மட்டும்
இன்னும் சிறகு முளைக்கவில்லை.
பஸ் லவ்டேல் வளைவில் திரும்புகையில்
எனக்குக் கண் கலங்கிவிட்டது.
கடலை நான் பார்த்தது அந்தப் பக்கத்தில்தான்.

பத்தாவது நாவல் வந்தபோது
கேப்டன் என்ன ஆனால் எனக்கென்ன.
கேரட்டைத் தரம் பிரிக்கையிலும்
அந்தக் குட்டிக்குச் சிறகு வந்திருக்குமா என்றே ஓடும்.

ஒருநாள் இன்லாண்டு லெட்டரில் எழுதிப்போட்டேன்.
ஐயா, அந்த முகமூடிக்குள் இருந்தது நான்,
பெயர் மாதேவி, பெண்பிள்ளை.
திருத்தச் சொல்லவில்லை.
கடல் நன்றாக இருக்கிறது.

பதில் வந்தது, கிறுக்கல் எழுத்து.
அம்மா, அந்தத் தொடரை நான் பார்த்ததே இல்லை.
எங்கள் வீட்டில் டிவி கிடையாது.
பதிப்பகத்தில் நாலு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தார்கள்.
அதில் 'ஐந்தாவது ஆள் விழுகிறான்' என்றிருந்தது.
செத்தான் என்று எங்கேயும் இல்லை.
சரிதானே?

பதினேழாவதோடு அதுவும் நின்றது.
வோர் ஒரு படகுக்காகக் கரையில் காத்திருக்கிறான்.
கடைசி வரிக்குக் கீழே 'தொடரும்'.
நாலு மாதம் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன்.
கடைக்காரர் அந்த இடத்தில்
குரங்குக் குல்லாய் தொங்கவிட்டார்.

இப்போது ஒன்பதாம் மைலுக்கு டிக்கெட்.
நான் விழுந்த பாறையில் ஏறி நின்று
யார் யாரோ போட்டோ எடுக்கிறார்கள்.
மூட்டம் இறங்குகிற நாளில்
அவனுக்குத் தோள் வலிக்கும் என்று
ஆறாவது நாவலில் வருகிறது.

எனக்கு முழங்கால்தான்,
டிவியில் வந்தபடி.